பயிற்சிக்குப் புறப்படும் முன் ஒரு போலீஸ் படம்: எதைப் போடுவது?

என் அக்கா மகள் சார்பு ஆய்வாளர் தேர்வில் வென்றுவிட்டாள். எழுத்துத் தேர்வு, உடல் தகுதி, நேர்முகம் எல்லாம் முடிந்து, ஊனமாஞ்சேரியில் இருக்கும் காவல் உயர் பயிற்சியகத்துக்குப் புறப்பட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், "மாமா, போவதற்குள் ஒரு நல்ல போலீஸ் படத்தை உங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். எது என்று நீங்களே சொல்லுங்கள்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அவளுக்குக் காக்கி மேல் ஆசை வந்ததே திரையிலிருந்துதான். 2010இல் 'சிங்கம்' வந்தபோது அவள் பள்ளிக்கூடச் சிறுமி. துரைசிங்கம் நடந்து வருவதுபோலக் கூடத்தில் நடந்து காட்டுவாள். அந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒரு சிறுமியை ஓடவும் படிக்கவும் வைத்த படம் அது. ஆனால் நாளைக்கு அவள் மேசைக்கு ஒரு முதல் தகவல் அறிக்கை கையெழுத்துக்கு வரும்போது, அந்த நடை அவளுக்குக் கைகொடுக்காது.

என் அப்பா காவல் நிலைய எழுத்தராக இருந்தவர். நிலையத்தில் எல்லோரும் 'ரைட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பொது நாட்குறிப்பும் முதல் தகவல் அறிக்கையும் ரிமாண்ட் அறிக்கையும் அவர் கையெழுத்தில்தான் போகும். கார்பன் தாள் மூன்று வைத்து அழுத்தி எழுதி எழுதி, வலது கை நடுவிரலில் ஒரு காய்ப்பு இருந்தது. சாகும்வரை அது கரையவில்லை. ஒருமுறை, இரவு ஒன்பதே முக்காலுக்குப் பிடித்து வந்த ஒருவனை மறுநாள் மாலை நான்கு மணிக்குக் கைது செய்ததாக எழுதச் சொன்னார்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு. நேரத்தை மாற்றினால், அடிக்க ஓர் இரவும் ஒரு பகலும் கூடுதலாகக் கிடைக்கும். அப்பா ஒன்பதே முக்கால் என்றே எழுதினார். பத்து நாளில் ஆயுதப்படைக்கு மாற்றல் வந்தது. அதற்கு முன் எத்தனை முறை சொன்ன நேரத்தை எழுதியிருக்கிறார் என்பதையும் அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஆகவே ஒரு போலீஸ் படத்தை எடுத்தால் நான் கேட்பவை மூன்று. லஞ்சம் எங்கிருந்து வருகிறது: வில்லனின் பங்களாவிலிருந்தா, அன்றாட நடைமுறையிலிருந்தா? நேர்மையான அதிகாரி எதை இழக்கிறார்? சட்டம் அவரையும் கட்டுகிறதா, அல்லது நல்லவர் என்ற ஒரே காரணத்துக்காக அவருக்கு விலக்கு உண்டா? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான படங்கள் விழுந்துவிடுகின்றன.

முதலில் நினைவுக்கு வந்தது 1974இல் வந்த 'தங்கப்பதக்கம்'. எங்கள் தலைமுறையில் காக்கி என்றால் எஸ்.பி. சௌத்ரிதான். சிவாஜியின் நிமிர்ந்த முதுகும், மகேந்திரனின் வசனமும், பெற்ற மகனையே சட்டத்தின் முன் நிறுத்தும் தகப்பனும் இன்றைக்கும் நெஞ்சைப் பிடிக்கின்றன. கடமைக்கும் பாசத்துக்கும் நடுவில் ஒரு மனிதன் கிழிபடுவதை அவ்வளவு கம்பீரமாகக் காட்டிய தமிழ்ப் படம் குறைவு. ஆனால் அங்கே கெட்டுப்போவது மகன்தான், துறை கெட்டுப்போவதில்லை. சௌத்ரிக்கு மேலே இருப்பவர்கள் அவரை மதிக்கிறார்கள், கடைசியில் பதக்கமும் தருகிறார்கள். நேர்மைக்குப் பதக்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு ஒரு பெண்ணை நிலையத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அக்காவோடு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது கோபக்காரர்களின் வரிசை. 1973இல் 'ஜஞ்சீர்' இந்தியில் அதைத் தொடங்கி வைத்தது. லஞ்சம் வாங்கியதாகப் பொய் வழக்கு ஜோடிக்கப்பட்டுச் சிறைக்குப் போகும் ஆய்வாளராக அமிதாப் பச்சன் நடித்தார். அடுத்த ஆண்டே அது எம்.ஜி.ஆர். நடிப்பில் 'சிரித்து வாழ வேண்டும்' என்று தமிழுக்கு வந்தது. அதன்பின் தெலுங்கிலிருந்து 'இதுதாண்டா போலீஸ்', மலையாளத்திலிருந்து சுரேஷ் கோபியின் 'கமிஷனர்' என்று எத்தனையோ. இவற்றில் வில்லன் வெளியே இருக்கிறான். அரசியல்வாதி அல்லது கள்ளச்சாராயக்காரன். அவனை அடித்து வீழ்த்தினால் ஊழல் முடிந்தது.

இந்த வரிசையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 2003இல் வந்த 'சாமி'. ஹரியின் ஆறுச்சாமி, நேர்மையாக இருந்து பந்தாடப்பட்டுச் சலித்தவன். திருநெல்வேலிக்கு வந்ததும் பெருமாள் பிச்சையோடு ஓர் உடன்பாட்டுக்கு வருகிறான். பணத்தையும் வாங்கிக்கொள்கிறான், ஊரையும் அமைதியாக வைத்திருக்கிறான். நம் ஊரில் பலர் ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு சமரசத்தை ஒரு வணிகப் படம் அவ்வளவு துணிவாகக் கதாநாயகன் மேலேயே ஏற்றியது. படம் அங்கேயே நின்று அந்தச் சமரசத்தின் விலையைக் கேட்டிருந்தால் நான் இதைத்தான் போட்டிருப்பேன். ஆனால் முடிவில் ஆறுச்சாமி வில்லனைக் கொன்று செங்கல் சூளையில் எரித்துவிட, ஊர் அவனைத் தலைமறைவு என்று நம்புகிறது. திரையரங்கில் கைதட்டல் காதைப் பிளந்தது. நானும் தட்டியவன்தான்.

இன்றைக்கு அந்தக் கைதட்டல் எனக்கு உறுத்துகிறது. 'என்கவுன்டர்' எனப்படும் போலீஸ் மோதல் சாவுகளுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. ஒவ்வொரு சாவுக்கும் வழக்குப் பதிய வேண்டும், சுதந்திரமான விசாரணை வேண்டும், சம்பவம் நடந்த கையோடு வீரப் பதக்கமோ முன்னுரிமைப் பதவி உயர்வோ தரக் கூடாது. ஒரு நீதிமன்றம் இதை எழுதிச் சொல்ல வேண்டி வந்தது என்றால், அதுவரை எது வழக்கமாக இருந்தது என்று புரிந்துகொள்ளலாம். சூளையில் எரிந்தவன் குற்றவாளி என்று இயக்குநர் நமக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறார். நிலையத்தில் அப்படி யாரும் காட்டித் தர மாட்டார்கள்.

1999இல் வந்த இந்திப் படம் 'ஷூல்' இதே கோபத்தைக் கையிலெடுத்தாலும் அதன் விலையை மறைக்காமல் காட்டுகிறது. பீகாரின் மோதிஹாரியில் பணிபுரியும் சமர் பிரதாப் சிங்காக மனோஜ் பாஜ்பாய். சக போலீசாரே எம்.எல்.ஏ.வின் ஆட்கள், மகளையும் இழக்கிறான். கடைசியில் சட்டசபைக்குள்ளேயே நுழைந்து சுடுகிறான். அவனுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை என்பது புரிகிறது. ஆனாலும் அது வழி தெரியாதவனின் முடிவு. பணியில் சேரப் போகிறவளுக்கு நான் காட்ட விரும்பும் முடிவு இல்லை.

இனி வருபவற்றில்தான் உண்மையான போட்டி.

கோவிந்த் நிஹலானியின் 'அர்த் சத்யா' 1983இல் வந்தது. திரைக்கதை விஜய் டெண்டுல்கர். பம்பாயில் சார்பு ஆய்வாளராக இருக்கும் அனந்த் வேலங்கராக ஓம் புரி. தாதா ராமா ஷெட்டியாக வரும் சதாசிவ் அம்ராபூர்கரின் குரல் உயர்வதே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசுகிறார், அவ்வளவுதான். வேலங்கர் பிடித்து வரும் ஆட்கள் ஒரு தொலைபேசி அழைப்பில் வெளியே போகிறார்கள். உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த கொள்ளைக்காரனுக்கான பெயர் இன்னோர் அதிகாரிக்குப் போகிறது. வேலைக்கு ஆபத்து வரும்போது அவனைக் காப்பாற்ற வருவது நியாயம் அல்ல, மேலிடத்துச் செல்வாக்கு உள்ள ஒரு தரகர். அந்த உதவியை அவன் ஏற்றுக்கொள்ளும் இடத்தில்தான், என் கணக்குப்படி, அவன் பாதி தோற்றுவிடுகிறான்.

அதற்குப் பிறகு வருவது இந்தியப் போலீஸ் படங்களிலேயே எனக்கு மறக்க முடியாத கட்டம். ராமா ஷெட்டியைத் தொட முடியாத கை, லாக்கப்பில் அகப்பட்ட ஒரு சில்லறைத் திருடன் மேல் இறங்குகிறது. அடி நிற்கவே இல்லை. அவன் செத்துப்போகிறான். கோபக்கார அதிகாரியைக் கொண்டாடிய எந்தப் படமும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை: பெரியவனிடம் காட்ட முடியாத கோபம் யார் மேல் இறங்கும்? எங்கள் அப்பா நிலையத்திலிருந்து வந்த சில இரவுகளில் அம்மா எங்களைச் சீக்கிரம் படுக்க வைத்துவிடுவார். இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது. வேலங்கரின் தகப்பனும் ஒரு காவலர்தான்; வீட்டில் மனைவியை அடித்தவர். அமரீஷ் புரி அந்த வேடத்தில் அதிகம் பேசாமலே நம்மை நடுங்க வைக்கிறார். ஓம் புரிக்கு இந்தப் படம் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. இந்தி தெரியாதவர்கள் வசனவரியோடுதான் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர இதில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை.

பிறகு வெற்றிமாறனின் 'விசாரணை'. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் சொந்த அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' என்ற நூல் இதன் அடிப்படை. 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு, 2016 பிப்ரவரியில் இங்கே வெளியானது. குண்டூரில் பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளர்களைச் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கும் முதல் பாதியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நேர்மையான அதிகாரி என்ற நம் பொருளுக்கு முக்கியமானது இரண்டாம் பாதி. சமுத்திரக்கனியின் முத்துவேல் நல்லவர். நீதிமன்றத்தில் அந்தத் தொழிலாளர்களுக்காகப் பேசி, அவர்கள் விடுதலையாக உதவுகிறார். அதே முத்துவேல், மேலே இருப்பவர்கள் சொன்னபடி ஒரு ஆடிட்டரைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்து வரவும் சம்மதிக்கிறார். முதல் வேலையைச் செய்யும்போது அவர் முகத்தில் கனிவு இருக்கிறது. இரண்டாவதைச் செய்யும்போது சங்கடம் இருக்கிறது. ஆனாலும் இரண்டையும் செய்கிறார். கடைசியில் சாட்சிகளைத் தீர்த்துக்கட்டும் இடத்தில் அவர் கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்கு விலையாக அவர் உயிரைச் சக போலீசாரே எடுக்கிறார்கள்.

நான் சொல்லிவந்த மூன்று கேள்விகளுக்கும் இந்தப் படத்தைப்போல முழுமையாகப் பதில் சொல்லும் படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. இங்கே ஊழலுக்குத் தனி வில்லன் கிடையாது. ஒருவர் இன்னொருவருக்கு ஃபோன் செய்கிறார், அவர் வேறொருவரிடம் சொல்கிறார், கடைசியில் ஒரு பிணம் விழுகிறது. அப்படியிருந்தும் இதை முதல் படமாகப் போடத் தயங்குகிறேன். காரணம் வன்முறை இல்லை. அவள் அதைத் தாங்குவாள். நேர்மைக்கு ஓர் அங்குலம் இடம்கூட இந்தப் படத்தில் மிச்சமில்லை என்பதுதான் காரணம். தாமதமாகத் தயங்கினால் சாவாய் என்று சொல்கிறது. சரி. முன்னதாகத் தயங்கியிருந்தால்? அந்த இடத்தைக் காட்டும் படம்தான் எனக்கு வேண்டும்.

மலையாள 'நாயாட்டு' பற்றி ஒரு வார்த்தை. 2021இல் வந்தது. எழுதிய ஷாஹி கபீர் கேரளக் காவல் துறையில் பணியாற்றியவர். தேர்தல் நெருங்கும் வேளையில் மூன்று போலீஸ்காரர்கள் தங்கள் துறையாலேயே வேட்டையாடப்படுகிறார்கள். அற்புதமான படம். ஆனால் அவர்கள் ஊழலை எதிர்த்து நிற்கவில்லை, ஊழலிடம் சிக்கிக்கொள்கிறார்கள்.

2022இல் வந்த 'டாணாக்காரன்' பயிற்சிக்குப் போகிறவளுக்குப் பொருத்தமானது என்று முதலில் தோன்றியது. இயக்குநர் தமிழ், சீருடை அணிந்து பணிபுரிந்துவிட்டு வந்தவர். காவலர் பயிற்சிப் பள்ளியின் கவாத்து மைதானத்துக்குள்ளேயே முழுப் படமும் நடக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் தேர்வாகி, அப்போது வேலை கிடைக்காமல், நடுவயதில் இளைஞர்களோடு வரிசையில் வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது. கழிப்பறைக்குக்கூட வசதி இல்லாத இடத்தில் ஏன் என்று கேட்டவனுக்குத் தண்டனைக் கவாத்து. கீழ்ப்படிதலைக் கற்றுக்கொடுக்கும்போதே அநியாயத்துக்கு வாய்மூடி இருக்கவும் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன படம் வேறில்லை. இருந்தாலும் பிற்பாதியில் படம் ஒரு போட்டிக் கதையாக மாறி, எல்லாக் கொடுமையும் ஒரே பயிற்றுநரின் தலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதோடு, இன்னும் மைதானத்தில் கால் வைக்காதவளுக்கு மைதானத்தைப் பற்றிய பயத்தை நான் ஏன் முன்கூட்டியே கொடுக்க வேண்டும்? முதல் விடுப்பில் வரும்போது அவளே பார்த்து, எது உண்மை எது மிகை என்று எனக்குச் சொல்லட்டும்.

மிஞ்சியது பிராங்க்ளின் ஜேக்கப்பின் 'ரைட்டர்'. 2021 டிசம்பரில் வந்தது. இதிலும் சமுத்திரக்கனிதான், ஆனால் முத்துவேலின் மிடுக்கு துளியும் இல்லை. தொப்பை விழுந்த, ஓய்வுக்கு நெருங்கிவிட்ட எழுத்தர் தங்கராஜ். காவலர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று போராடுகிறவர். காவலர்கள் சங்கம் சேரும் உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1966இலிருந்து இருக்கிறது. அதைக் கேட்டதற்காக அவரைத் திருச்சிப் பக்கமிருந்து சென்னைக்கு மாற்றிவிடுகிறார்கள். அங்கே சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவனுக்குக் காவலிருக்கும் வேலை. அவன் செய்த குற்றம், காவலர்களின் தற்கொலைகளைப் பற்றித் தகவல் கேட்டது.

தங்கராஜ் நல்லவர்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க மேலே சொன்னதை எழுதிக் கொடுத்துப் பழகிய கை. பழக்கதோஷத்தில் அவர் சொல்லும் ஒரு யோசனையே அந்த மாணவனை மீள முடியாத வழக்கில் சிக்க வைக்கிறது. லஞ்சப் பணம் கைமாறவில்லை, யாரும் மிரட்டவில்லை. அனுபவசாலி ஒருவர் ஒரு சிக்கலுக்கு வழி சொல்கிறார். அவ்வளவுதான். அது என்ன செய்தது என்று அவருக்குத் தெரியவரும் கணத்தில் சமுத்திரக்கனியின் கண்களைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் நடுவிரல் காய்ப்பு ஞாபகம் வந்தது.

இந்தப் படத்திலும் குறை உண்டு. மேலதிகாரியின் சாதி வெறி சில காட்சிகளில் வசனமாகவே கொட்டப்படுகிறது; தங்கராஜின் இரண்டு குடும்பக் கதை முழுதாக ஒட்டவில்லை. வேகமும் குறைவு. ஆனால் ஊழல் எங்கே குடியிருக்கிறது என்பதை இது சரியான இடத்தில் தொட்டுக் காட்டுகிறது. தாளும் பேனாவும் இருக்கும் மேசையில். எதிர்த்து நிற்கக்கூடிய இடமும் அதே மேசைதான். குதிரை ஏற ஆசைப்பட்டதற்காக ஓரங்கட்டப்படும் ஒரு பெண் காவலரும் இந்தப் படத்தில் வருகிறார். இனியா நடித்திருக்கிறார். அந்தப் பகுதி சிறியது, என் அக்கா மகளுக்குப் பெரிதாக இருக்கும்.

பெண் அதிகாரி பற்றிய படம்தானே வேண்டும் என்று அக்கா கேட்டாள். விஜயசாந்திக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' அவளுக்குப் பிடித்த படம். 1989இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'உடான்' தொடரை நான் அதைவிட மேலாக மதிக்கிறேன். கவிதா சௌத்ரி தன் அக்காள் காஞ்சன் சௌத்ரியின் வாழ்க்கையை வைத்து எழுதி, இயக்கி, நடித்தது. அந்த அக்காள் 2004இல் உத்தராகண்டின் காவல் துறைத் தலைவர் ஆனார். நாட்டிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். இருந்தாலும் பெண் அதிகாரி என்றதும் என் மனதுக்கு வருவது எந்தத் திரைப் பாத்திரமும் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, தாக்குதல் நடந்த இரவில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் தான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். தோளில் நட்சத்திரம் இல்லை, கையில் துப்பாக்கி இல்லை. நடந்ததைச் சொன்னார், அது எழுத்தில் பதிவாகிவிட்டது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை மாலை 'ரைட்டர்'. மறுநாள் அவளுக்கு நேரம் இருந்தால் 'அர்த் சத்யா', வசனவரியோடு. லாக்கப் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தி ஒரு தேநீர் போட்டுக்கொண்டு பேச வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் 'ரைட்டர்' மட்டும். 'விசாரணை'யை இப்போது போடப் போவதில்லை. பயிற்சி முடித்து, முதல் நிலையத்தில் சேர்ந்து, நாட்குறிப்பில் ஒரு நேரத்தை மாற்றி எழுதச் சொல்லி யாராவது முதன்முறையாகக் கேட்ட அன்று அவள் எனக்கு ஃபோன் செய்வாள். அன்றிரவு பார்க்கச் சொல்வேன்.